பாதுகாப்புப் பயிற்சிக்கு எல்லோரும் வருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், மறுநாள் யாரும் கடைப்பிடிப்பதில்லை. கட்டுமான சைட்டில் இதை எப்படி மாற்றுவது?

கேள்வி கேட்டவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கட்டுமான நிறுவனம் ஒன்றில் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பயிற்சிப் பொறுப்பையும் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். வகுப்பில் தலையாட்டுகிறவர்கள் மறுநாள் பெல்ட் போடாமல் சாரத்தில் நிற்கிறார்கள். மேஸ்திரிகளுக்கும் இன்ஜினியர்களுக்கும் ஒத்துப்போவதே இல்லை. இரண்டு வாரத்தில் பெரிய ஸ்லாப் கான்கிரீட் ஒன்று வேறு இருக்கிறது.

நான் பதினாறு வருடமாக சைட்டில் இருக்கிறேன். முதல் ஒன்பது வருடம் இன்ஜினியராக, அதற்குப் பிறகு பாதுகாப்பு அதிகாரியாக. பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் தம்பி. உங்கள் சைட்டில் ஒரு சித்தாளோ ஹெல்ப்பரோ வந்து "சார், இது சரியில்லை" என்று சொன்னால் அடுத்த நிமிடம் என்ன நடக்கிறது? அதை ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். உங்கள் பயிற்சி ஏன் எடுபடவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நான் பாதுகாப்புப் பக்கம் வந்ததற்கே ஒரு ஸ்லாப்தான் காரணம். ஸ்லாப்பின் அடிப்பலகைகளைக் கீழிருந்து தாங்கும் முட்டுகள் தரையில் நின்றன. ஒரு மூலையில் மட்டும் அஸ்திவாரக் குழியை மூடிய நிரப்பு மண். முந்தின இரவு மழை. கான்கிரீட்டுக்குப் பலகை அடித்து முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் வேலையில் முப்பது வருடம் பழகிய ஒருவர் எங்களிடம் இருந்தார். அதற்கு முந்தின வாரம் வேறொரு பகுதியில் "முட்டுக்கு அடியில் இன்னும் தடிமனான பலகை வேணும் சார்" என்று கேட்டார். பத்துப் பேர் நின்றுகொண்டிருந்த இடத்தில் "எனக்குப் பாடம் எடுக்காதீங்க, சொன்னதைச் செய்ங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, போய்விட்டார்.

கான்கிரீட் போட்ட அன்று காலை அவர் அந்த மூலைக்குப் போய்க் குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்திருக்கிறார். கால் உள்ளே போயிருக்கிறது. தன்னோடு வேலை செய்த பையனைக் கூப்பிட்டு "அந்தப் பக்கம் அடியில போகாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபக்கம் போய் நின்றுகொண்டார். பதினொரு மணிவாக்கில் பம்ப் குழாய் அந்த மூலைக்கு வந்தது. ஈரக் கான்கிரீட் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட 2.4 டன் எடை. முட்டுகள் ஒரு சாண் இறங்கின, பீமின் அடிப்பலகை பிரிந்தது, மேலே கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடித்திருந்த பையன் கம்பியோடு கீழே போனான். தொடை எலும்பு உடைந்தது. அடியில் யாரும் இல்லாததால் உயிர் போகவில்லை. ஏன் யாரும் இல்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் அவரிடம் போய், "அண்ணே, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"காலையிலேயே தெரியும் சார். போன வாரம் ஒரு தடவை சொன்னதே போதும்னு இருந்துட்டேன்."

அவருடைய கையெழுத்து மூன்று பயிற்சிப் பதிவேடுகளில் இருந்தது. முட்டுகளைப் பற்றி எங்கள் வகுப்பில் சொன்னதைவிட அவருக்கு அதிகம் தெரியும். தெரிந்ததைச் சொல்ல ஓர் இடம் இல்லாமல் செய்தவன் நான். அந்தப் பையனை மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்த இரவு முழுக்க எனக்கு இது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். பயிற்சி முதலில் யாருக்கு? இன்ஜினியருக்கும் மேஸ்திரிக்கும். கெட்ட செய்தி கொண்டுவருகிறவனிடம் முதல் வாக்கியமாக என்ன பேச வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாங்கள் ஒரே ஒரு வாக்கியத்தைப் பழக்கினோம்: "வாங்க, காட்டுங்க." அவ்வளவுதான். அவர் சொல்வது சரியா தப்பா என்று நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொல்லாமல் கூடவே நடந்து போய்ப் பார்ப்பது. பத்துக்கு ஆறு முறை ஒன்றும் இருக்காது. அந்த ஆறு முறையும் முகம் சுளிக்காமல் போய் வந்தால்தான் ஏழாவது முறை உங்களைத் தேடி வருவார்கள்.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில் 1978 ஏப்ரல் 27 அன்று நடந்ததை நான் வகுப்பில் எப்போதும் சொல்வேன். மின் நிலையத்துக்குக் குளிர்விப்புக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாரம் தரையிலிருந்து எழும்பவில்லை. கோபுரச் சுவரிலேயே பூட்டப்பட்டு, சுவர் உயர உயரச் சாரமும் மேலே போகும். அன்று சாரத்தைத் தாங்கியது முந்தின நாள் போட்ட கான்கிரீட். இரவில் குளிர், போதுமான அளவு அது இறுகவில்லை. மேலே கான்கிரீட் வாளி ஏற்றும்போது அந்தச் சுற்று அப்படியே உரிந்து விழுந்தது. சாரத்தில் இருந்த 51 பேரும் இறந்துபோனார்கள். இதைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்பேன். "கான்கிரீட் இன்னும் இறுகலை, இன்னிக்கு வேண்டாம்" என்று நம் சைட்டில் யார் சொல்லலாம்? சொன்னால் யார் கேட்பார்கள்? முதல் தடவை கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் சைட்டின் நிலைமை எனக்கு அப்போது புரிந்தது.

அடுத்து, பெல்ட் விஷயம். "போட மாட்டேங்கிறாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டால் கொக்கியை எங்கே மாட்டுவது? ஒருநாள் நீங்களே பெல்ட் போட்டுக்கொண்டு அந்தச் சாரத்தில் ஏறி, அவர்கள் வேலை செய்யும் பாதையில் நடந்து பாருங்கள். நான் அப்படி ஏறியபோது இருபது மீட்டர் நீளத்துக்கு மாட்ட ஓர் இடம் கிடைக்கவில்லை. கொக்கி மாட்டுவதற்கான கயிறான லைஃப்லைனே கட்டாமல் பெல்ட் போடாதவனுக்கு அபராதம் போட்டுக்கொண்டிருந்தோம். அவன் நம்மை எப்படி மதிப்பான்?

மாட்ட இடம் இருந்தாலும் எங்கே மாட்டுவது என்று பலருக்குச் சொல்லித் தருவதில்லை. பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு 1.8 மீட்டர். விழும்போது அதன் அதிர்ச்சி தாங்கி பிரிந்து இன்னும் ஒரு மீட்டர் நீளும். அதற்குக் கீழே ஆளின் உயரம், கொஞ்சம் உபரி இடைவெளி. எல்லாம் சேர்த்தால் கொக்கி மாட்டிய இடத்திலிருந்து தரைவரை ஐந்தரை மீட்டராவது வேண்டும். நான்கு மீட்டர் உயரச் சாரத்தில் நின்று காலடிப் பைப்பில் கொக்கியை மாட்டினவன் பெல்ட்டோடு தரையில் மோதுவான். இதை நாங்கள் வாயால் சொல்லவில்லை. 80 கிலோ மணல் மூட்டைக்குப் பெல்ட் மாட்டி, காலடியில் கொக்கி போட்டுத் தள்ளிவிட்டோம். மூட்டை தரையில் மோதிக் கிழிந்து மணல் கொட்டியது. அடுத்த மூட்டைக்குக் கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டினோம். அது தொங்கியது. இருபது நிமிட வேலை. அதன் பிறகு கொக்கி எங்கே மாட்டுவது என்று அவர்களே எங்களிடம் வந்து கேட்டார்கள். தொங்குகிறவனை எப்படி இறக்குவது என்று ஒரு கம்பி கட்டுகிறவர் கேட்டார். அருமையான கேள்வி. பெல்ட்டில் அசையாமல் தொங்கினால் கால் பட்டைகள் இறுக்கி ரத்த ஓட்டம் தடைபட்டு, நிமிடக் கணக்கில் மயக்கம் வந்துவிடும். எங்களிடம் அதற்கு ஏற்பாடே இல்லை. அவர் கேட்டதால்தான் செய்தோம்.

ஆள் மறந்தாலும் அவனைத் தாங்குகிற ஏற்பாடுதான் முதலில் வேண்டும்: கைப்பிடி, முழுப் பலகை, வலை. பெல்ட் அதற்கு அப்புறம். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைக் கட்டும்போது அடியில் வலை கட்டினார்கள்; அதில் விழுந்து 19 பேர் பிழைத்தார்கள். 1937 பிப்ரவரி 17 அன்று ஒரு கனமான சாரம் பிய்ந்து விழுந்து அந்த வலையையே கிழித்தது, 10 பேர் இறந்தார்கள். ஆளுக்காகக் கட்டிய வலை சாரத்தின் எடையைத் தாங்காது. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆட்களுக்குள் இருக்கும் உறவைப் பற்றி. சைட்டில் பெரிய சண்டைகள் கோஷ்டிகளுக்கு நடுவில்தான். சென்ட்ரிங் ஆட்கள் ஷீட் ஏற்றக் கைப்பிடியைக் கழற்றுவார்கள், திரும்ப மாட்ட மாட்டார்கள். மறுநாள் எலக்ட்ரீஷியன் அந்த விளிம்பில் நிற்பார். ஒருவர் தலைக்கு மேலே இன்னொருவர் வேலை செய்வார், கீழே இருப்பவருக்குத் தெரியாது. கேட்டால் "நாங்க கழட்டலை". எங்களுக்குப் பலன் கொடுத்த ஒரே வழி, தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு எல்லாக் கோஷ்டி மேஸ்திரிகளையும் வரைபடத்தைச் சுற்றி நிற்கவைத்துப் பத்து நிமிடம் பேசவைத்தது. நாளைக்கு யார் எங்கே, யார் தலைக்கு மேலே யார், எந்தக் கைப்பிடி கழற்றப்படும், யார் மாட்டுவார். நாற்காலி போடாதீர்கள், உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் ஆகிவிடும். முதல் வாரம் முறைத்துக்கொண்டு நின்றவர்கள் மூன்றாவது வாரம் "நாளைக்கு உன் ஆளுங்க மதியத்துக்கு மேல வரட்டும்பா" என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடித்தார்கள்.

கூலியையும் பேசியாக வேண்டும், இதை மட்டும் மழுப்பாதீர்கள். சப் கான்ட்ராக்டரின் ஆட்களுக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி. ஆபத்து என்று வேலையை நிறுத்தினால் அந்த அரை நாள் கூலி அவன் வீட்டிலிருந்து போகிறது. அவனிடம் "தைரியமாகச் சொல்" என்று பயிற்சி கொடுப்பது நியாயமே இல்லை. பாதுகாப்புக் காரணத்துக்காக நின்ற நேரத்துக்குக் கூலி உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதவைக்க நான் இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன். பணம் குறைவுதான், நிறுத்தங்கள் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். மேலிடத்தில் பேசும்போது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1988-ஆம் ஆண்டு 167-ஆவது உடன்படிக்கையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுமானத் தொழிலுக்கென்றே எழுதியது. உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்தால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்றும், மேலாளரிடம் அவன் உடனே சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஹெல்மெட், பெல்ட், ஷூவுக்கு அவனிடம் காசு பிடிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. பிடிக்கிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களைத் தனியாகக் கவனியுங்கள். முதல் நாளே மூன்று மணி நேரம் வகுப்பெடுத்தால் மண்டையில் ஒன்றும் நிற்காது. ஹெல்மெட்டுக்கு வேறு நிறம் கொடுத்து, ஒரு மாதத்துக்குப் பழைய ஆள் ஒருவரோடு சேர்த்துவிடுங்கள். அந்தப் பழைய ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேகமானவரை விட்டுவிட்டுப் பொறுமையானவரைப் பாருங்கள். மொழி புரியாதவர் இருந்தால் அவர் மொழி பேசுகிறவர் வாயாலேயே சொல்லவையுங்கள். கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "செய்து காட்டுங்க" என்று சொல்லுங்கள்.

பெண்கள் இருந்தால் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தூரமாகவோ அசிங்கமாகவோ இருந்தால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வார்கள், வெயிலில் மயங்கி விழுவார்கள். அதைப் பதிவேட்டில் "உடல்நலக் குறைவு" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம்.

வேலை தொடங்கும் முன் எல்லோரையும் நிறுத்திப் பேசும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் நீங்கள் பேசுவதைக் குறையுங்கள். தினமும் ஒருவரிடம், "நேற்று இங்க உங்களுக்கு எது சரியாப் படலை?" என்று கேளுங்கள். வந்த பதில்களில் ஒன்றையாவது மத்தியானத்துக்குள் சரிசெய்து, சொன்னவர் பெயரைப் பலகையில் எழுதுங்கள். முதல் பத்து நாள் "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஸ்லாப்புக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே, அதற்கு ஒன்று சொல்கிறேன். முந்தின நாள் சாயங்காலம், பம்புக்குச் சொல்வதற்கு முன்னால், உங்கள் சென்ட்ரிங் ஆட்களில் வயதான ஒருவரைக் கூப்பிட்டு அவரோடு முட்டுகளுக்கு நடுவே முழுக்க நடங்கள். செக்லிஸ்ட்டைப் பையில் வையுங்கள், அதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். அவர் எந்த முட்டைத் தட்டிப் பார்க்கிறார், எங்கே மண்ணைக் காலால் அழுத்துகிறார், எந்த இடத்தில் நின்று யோசிக்கிறார் என்று பாருங்கள். அவர் நின்ற இடத்தில் நீங்களும் நில்லுங்கள். "என்ன அண்ணே?" என்று கேளுங்கள். பலகை வேண்டும் என்றால் அன்று இரவே வரவழையுங்கள், அதற்காகக் கான்கிரீட் ஒரு நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.