40 கிலோமீட்டர்: காரா, ரயிலா?

புறநகர் வீட்டிலிருந்து அலுவலகம் 40 கிலோமீட்டர், காரில் போவதா ரயிலில் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாதம் 22 நாள் போய்வந்தால் 1,760 கிலோமீட்டர். பெட்ரோலோடு போகாது, சர்வீஸ், டயர் எல்லாம் சீக்கிரமே வந்து நிற்கும். நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வேறு வலிக்கும். ரயில்தான் நல்லது. நிலையம் 3 கிலோமீட்டர் என்கிறீர்கள், அதற்கு ஸ்கூட்டர் போதும். ஆனால் அங்கே வண்டி நிறுத்துமிடம் எத்தனை மணிக்கு நிரம்புகிறது என்று ஒரு திங்கட்கிழமை காலை நேரில் போய்ப் பாருங்கள். அப்புறம், கடைசி ரயில் எத்தனை மணிக்கு? வேலை நீளும் என்று முன்பே தெரிந்த நாட்களில் மட்டும் காரை எடுங்கள். நான் எட்டு வருடம் ரயிலில் போனவன். ஜன்னலோரம் கிடைத்தால் அரை மணி நேரம் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன்.