ஜனவரியில் பைக்கில் காசா: வழியை மாற்றுங்கள்

நண்பரே, ஜனவரியில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் இருக்கும் காசாவுக்கு மணாலி வழியாக பைக்கில் போக நினைப்பதாகவும், விரல் மரத்துப்போகாமல் இருக்க இரட்டைக் கையுறை போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் வழியை மாற்றுங்கள். மணாலி வழியில் 4,551 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்சும் கணவாய் குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக் கிடக்கும். சிம்லா, ராம்பூர், ரெக்காங் பியோ, தாபோ வழியாகத்தான் போக முடியும். பெரும்பனி விழுந்தால் அதுவும் அடைபடும். இரண்டு மூன்று நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கையுறை. இரண்டைத் திணித்துப் போட்டால் இறுகி ரத்த ஓட்டம் குறையும், விரல் இன்னும் சீக்கிரம் மரத்துவிடும். நான் அப்படிச் செய்துவிட்டு, தாபோவில் ஹெல்மெட் வாரைக்கூடக் கழற்ற முடியாமல் டீக்கடை அடுப்பருகே கால் மணி நேரம் நின்றேன். மெல்லிய கம்பளி உள்ளுறை, மேலே தளர்வான கையுறை, ஹேண்டில்பாரில் காற்றைத் தடுக்கும் உறை. இந்த மூன்றாவதுதான் உயிர். விலை உயர்ந்த ஜாக்கெட் எல்லாம் அப்புறம்.

நிழல் விழும் வளைவில் தார் ஈரம்போலப் பளபளத்தால் அது தண்ணீர் இல்லை, உறைந்த பனி. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, முன் பிரேக்கைத் தொடாமல், வண்டியைச் சாய்க்காமல் நடை வேகத்தில் உருட்டுங்கள். காலை 10 மணிக்கு முன் கிளம்பவே வேண்டாம்.

காசாவில் இரவு மைனஸ் 20 சகஜம். பேட்டரியைக் கழற்றி அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பியோவுக்குக் கீழே பவாரியில் டேங்கை நிரப்பிவிடுங்கள். அங்கிருந்து காசா சுமார் 200 கி.மீ.

என்ன பைக் என்று சொல்லவில்லையே?