கடைமடைச் செய்தியிலிருந்து தொடங்கட்டும் ஆங்கிலம்

அன்புள்ள அம்மா,

நீடாமங்கலத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துப் பிளஸ் டூ போகும் உங்கள் மகளைக் கும்பகோணத்து ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா என்பது ஒன்று. தினமும் இருபது சொற்களை மனப்பாடம் செய்தும், புதிதாக ஒரு பத்தியைக் கொடுத்தால் திணறுகிறாளே, இவளுக்கு ஆங்கிலம் வராதோ என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு வேண்டாம். அறுவடைப் பணத்தை அதில் போடாதீர்கள். பேச்சுப் பயிற்சி கெட்டதென்று சொல்லவில்லை. ஆனால் அவள் எழுத விரும்பும் தேர்வுகள் அவளைப் பேசச் சொல்வதில்லை, படித்துப் புரிந்துகொள்ளச் சொல்கின்றன. அது வேறு பயிற்சி. அதற்குச் செலவும் மிகக் குறைவு.

திருவாரூரை அடுத்த நீலக்குடியில் 2009இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல ஆசை. அதற்கான கியூட் என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வில், 2025ஆம் ஆண்டு முறைப்படி, மொழித்தாளில் 50 கேள்விகளுக்கு 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறான விடைக்கு 1 கழிவு. பத்திகளைப் படித்து விடை சொல்வதுதான் அதில் முக்கியமான பகுதி. பட்டம் முடித்தபின் வங்கி எழுத்தர் வேலைக்கு ஐபிபிஎஸ் முதல்நிலைத் தேர்வு எழுதினாலும் ஆங்கிலத்தில் 30 கேள்விகளை 20 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அங்கும் தவறுக்குக் கால் மதிப்பெண் போய்விடும். பள்ளியில் விடைகளையும் செய்யுளையும் மனப்பாடம் செய்து பெற்ற மதிப்பெண் இங்கே கைகொடுக்காது. இதுவரை பார்த்தறியாத பத்திதான் வரும்.

இனி அந்தச் சொற்பட்டியல். ஒரு நாளைக்கு இருபது சொல் என்று உருட்டி உருட்டிப் படிப்பவள் அவற்றை எங்கே பார்க்கிறாள்? பட்டியலில் மட்டும்தான். தன் வாக்கியத்திலிருந்து பிய்த்து எடுக்கப்பட்ட சொல்லுக்குப் பிடிமானம் கிடையாது, ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். சொல்வளம் பற்றி ஆராய்ந்தவர்களில் பால் நேஷன் முக்கியமானவர். அவரும் உடன் ஆய்வாளரும் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, யாருடைய துணையும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிப்பதற்கு, அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒரு சொல்தான் தெரியாததாக இருக்கலாம். உங்கள் மகள் கையில் இருப்பதோ போட்டித் தேர்வுக்கான கடினமான பத்திகள். பத்துச் சொல்லுக்கு ஒன்று தெரியாத இடத்தில் அவள் திணறுவது அறிவுக் குறைவால் அல்ல. யாராக இருந்தாலும் திணறத்தான் செய்வார்கள்.

அதனால் முதல் வேலை, அவளுக்குத் தக்க பக்கத்தைக் கண்டுபிடிப்பது. எந்தப் புத்தகமானாலும் நடுவில் ஓர் இடத்தில் நூறு சொற்களை எண்ணச் சொல்லுங்கள். அதில் தெரியாதவை இரண்டுக்குள் இருந்தால் தாராளமாகப் படிக்கலாம். ஐந்து வரை இருந்தால் அகராதியோடு மெதுவாகப் படிக்கலாம். அதற்கு மேல் போனால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு எடுத்து வைத்துவிட வேண்டும். இப்படிப் பார்த்தால் அவள் ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் போய் நிற்கக்கூடும். அதற்காக யாரும் அவளைக் கேலி செய்ய விடாதீர்கள். தயவுசெய்து நீங்களும் வருத்தப்படாதீர்கள்.

ஏழாம் வகுப்பு என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் மாநிலப் பாடநூல்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டுக்கும் ஒரே பாடங்களைக் கொண்டவை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிற்காலச் சோழர்கள் பாடத்தை அவள் தமிழில் படித்துவிட்டாள். இராஜராஜன் யார், தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பியவர் யார் என்பதை ஆங்கிலம் அவளுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே பாடத்தை ஆங்கிலவழிப் புத்தகத்தில் படிக்கும்போது செய்தி தெரிந்தது, மொழி மட்டுமே புதிது. தெரியாத சொல்லின் பொருள் பாதி நேரம் தானாகவே விளங்கிவிடும். ஒரு பிள்ளைக்கு ஒரே நேரத்தில் விஷயமும் புதிது, மொழியும் புதிது என்று கொடுப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. போட்டித் தேர்வு வழிகாட்டிகள் பலவும் அதைத்தான் செய்கின்றன.

தெரிந்த விஷயம் எவ்வளவு உதவும் என்பதற்கு 1988இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் அந்த விளையாட்டை நன்கு அறிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் விளையாட்டை அறியாதவர்களைவிட நன்றாக அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

உங்கள் மகளுக்கு எது அப்படித் தெரிந்த விஷயம்? தண்ணீரும் நெல்லும். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் மூணாறு தலைப்புக்குப் பக்கத்தில் வளர்ந்த பெண் அவள். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பதும், வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள் என்பதும், கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் என்ன பாடு என்பதும் அவளுக்கு யாரும் பாடம் நடத்தித் தெரிந்தவை அல்ல. ஆங்கில நாளிதழ்களில் காவிரி டெல்டாச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. கிளை நூலகத்தில் கிடைக்கும், அல்லது கைப்பேசியிலேயே படிக்கலாம். தினமும் அப்படி ஒரு செய்தி போதும். இன்ஃப்ளோ என்றால் நீர்வரத்து, டெயில் எண்ட் என்றால் பாசனத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை, ஸ்டாண்டிங் கிராப் என்றால் வயலில் நிற்கும் பயிர், புரொக்யூர்மெண்ட் என்றால் கொள்முதல் என்பதெல்லாம் அந்தச் செய்தியிலேயே பிடிபட்டுவிடும். டெல்டாவை விட்டு வெளியே போகாத சொற்கள் என்று இவற்றை நினைக்காதீர்கள். புரொக்யூர்மெண்ட் அரசாங்கம் பற்றிய எந்தப் பத்தியிலும் வரும்.

சொல்லைவிடப் பெரிய தடை வாக்கிய அமைப்பு. இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. ‘தி வாட்டர் ரிலீஸ்டு ஃப்ரம் மேட்டூர் ஆன் ஜூன் 12 ஹேஸ் நாட் ரீச்ட் தி டெயில் எண்ட் ஏரியாஸ்’ என்று ஒரு வாக்கியம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் ‘ரிலீஸ்டு’ வந்ததும் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். செய்தியோ அதற்கு நேர்மாறான கவலை: ஜூன் 12 அன்று மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை. தமிழில் ஒரு பெயரைப் பற்றிய விவரமெல்லாம் அதற்கு முன்னால் வந்துவிடும், வினைமுற்று கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் விவரம் பெயருக்குப் பின்னால் நீள்கிறது, வினைமுற்று நடுவில் எங்கோ ஒளிந்திருக்கிறது. ஆகவே நீளமான வாக்கியம் வரும்போதெல்லாம் வினைமுற்று எது, அதற்குரிய எழுவாய் எது என்று பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம் போதும். ஒரு மாதத்தில் கண்ணே அதைத் தேடப் பழகிவிடும்.

அதோடு சின்னச் சொற்களில் அவள் கவனம் போக வேண்டும். ஹவெவர் (ஆனாலும்), அன்லெஸ் (இல்லாவிட்டால்), தோ (என்றாலும்), ஹார்ட்லி (அரிதாகவே), எக்ஸெப்ட் (தவிர). பத்தியின் போக்கைத் திருப்புகிறவை இவைதான். ‘இட் ஹார்ட்லி ரெயின்ட்’ என்றால் மழை பெய்யவே இல்லை என்ற அளவுக்குக் குறைவு. கடுமையாகப் பெய்தது என்று எழுதிவரும் மாணவர்கள் எத்தனையோ பேர். பட்டியலில் இருக்கும் அபூர்வச் சொல் ஒன்று தெரியாமல் போனால் ஒரு கேள்வி போகலாம். ‘அன்லெஸ்’ பிடிபடாவிட்டால் பத்தியே தலைகீழாகிவிடும்.

நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். சொல்லும் பொருளும் மட்டும் எழுதாமல் அது வந்த வாக்கியத்தை முழுதாக எழுத வேண்டும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம் என்பதுதான் எனக்கு முக்கியம். ‘எனக்கு ஆங்கிலம் தெரியாது, அவளுக்கு எப்படி உதவுவேன்’ என்று எழுதியிருந்தீர்கள். அம்மா, அவளைச் சோதிக்க உங்களைவிடத் தகுந்தவர் இல்லை. இரவுச் சாப்பாட்டின்போது, அன்று ஆங்கிலத்தில் படித்த செய்தியைத் தமிழில் முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை கன அடி, எந்த ஆறு, யார் சொன்னார், ஏன் தாமதம் என்று கேளுங்கள். வயல் உங்களுக்குத் தெரியும். அவள் தப்பாகச் சொன்னால் ‘அப்படி இருக்காதே’ என்று உங்களுக்கே தோன்றும். உடனே பத்தியைத் திரும்பப் பார்க்கட்டும். படித்ததைத் தமிழில் தெளிவாகச் சொல்ல முடிந்தால் அவளுக்குப் புரிந்திருக்கிறது என்று நம்பலாம்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. தேர்வில் விடை பத்திக்குள்ளிருந்துதான் வர வேண்டும், அவளுடைய அறிவிலிருந்து அல்ல. அணை ஜூன் 12இல் திறக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பத்தி ஜூலையில் திறந்த ஓர் ஆண்டைப் பற்றிப் பேசலாம். தெரிந்த விஷயம் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் பத்தியைச் சரியாகப் படிக்காமல் விடையைக் குறிப்பவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு விடைக்கும் எந்த வரி ஆதாரம் என்று கைவைத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘ஆல்’ (எல்லாம்), ‘ஒன்லி’ (மட்டும்), ‘ஆல்வேஸ்’ (எப்போதும்) உள்ள விடைகளில் இரட்டிப்புக் கவனம் தேவை.

ஆங்கிலத்துக்காகத் தமிழைக் கைவிட்டுவிடாதீர்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ்த் தகுதித் தாள். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டு. பட்டப்படிப்புத் தகுதியுள்ள பணிகளுக்குப் பட்டத்தையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்பதால், கல்லூரி சேரும்முன் இதையும் மனத்தில் வையுங்கள். நான் அவளைத் தடுக்கவில்லை. தெரிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

கடிகாரம் வைத்துப் பத்தி செய்வதைத் தேர்வுக்கு மூன்று மாதம் முன்பு தொடங்கினால் போதும். இப்போது வேகம் பார்த்தால் புரியாமலே ஓடப் பழகிவிடுவாள். கியூட் விண்ணப்பம் திறக்கும்போது, அவள் சேர விரும்பும் பாடப்பிரிவுக்கு எந்த மொழித்தாள் கேட்கிறார்கள் என்று அந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்த பிறகே மொழியைத் தேர்வு செய்யுங்கள். தமிழும் அந்த மொழிகளில் ஒன்று. சந்தேகம் இருந்தால் விண்ணப்பத்தை அனுப்பும்முன் என்னிடம் காட்டுங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்.