கட்டடங்களைத் துணியால் போர்த்திக் கலைப்படைப்பாக்கிய கிறிஸ்டோ – ழான் க்ளோத் தம்பதியரில், வரைந்தவர் கிறிஸ்டோ மட்டும்தான் எனில், அந்தப் படைப்புகள் எப்படி இருவருடையவை ஆகும்?

வரைந்தவர் கிறிஸ்டோ மட்டுமே என்பது உண்மை. இருவரும் அதை மறைத்ததில்லை. ஆனால் அவர்களுடைய பொதுவெளிப் படைப்புகளில் வரைபடம் வெறும் தொடக்கம்தான். அதை ஊர் நடுவே நிறுத்திக் காட்டுவதற்குள் நடக்கும் வேலையே பெரிது என்பதால், அவை இருவருடையவை என்பதே என் கருத்து.

பெர்லினின் ரைக்ஸ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடத்தைப் போர்த்தும் எண்ணம் 1971இல் தோன்றியது; துணி விரிந்ததோ 1995 ஜூனில். இடைப்பட்ட காலம் முழுவதும் அனுமதிக்கான அலைச்சல். ஜெர்மனியின் அரசுத் தலைவரான சான்சலர் ஹெல்முட் கோல் எதிர்த்தபோதும், 1994 பிப்ரவரியில் ஜெர்மன் நாடாளுமன்றம் விவாதித்து, 292க்கு 223 என்ற வாக்குக் கணக்கில் இசைவளித்தது. ஒரு லட்சம் சதுர மீட்டர் துணியும் 15 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கயிறும் அங்கே நின்றது இரண்டே வாரம். 1976இல் கலிபோர்னியாவில் 39 கிலோமீட்டர் நீளத்துக்குத் துணிவேலி கட்டியபோதும், நில உரிமையாளர்கள் 59 பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. பொது விசாரணைகள் மட்டுமே 18 நடந்தன. அந்த எதிர்ப்பும் பேச்சும் படைப்பின் பகுதியே என்று இருவரும் கருதினர். எனக்கும் அப்படியே தோன்றுகிறது.

பணத்துக்கு அவர்கள் அரசு மானியத்தையோ விளம்பர நிறுவனங்களையோ நாடவில்லை. கிறிஸ்டோவின் ஓவியங்களையும் மாதிரிகளையும் விற்றே செலவு முழுவதையும் ஈடுகட்டினர். அந்த விற்பனையையும் அதற்கான நிறுவனத்தையும் நடத்தியவர் ழான் க்ளோத்.

இத்தனைக்கும் 1994 வரை கிறிஸ்டோவின் பெயர் மட்டுமே முன்னால் இருந்தது. அவ்வாண்டில்தான் பழைய பொதுவெளிப் படைப்புகளுக்கும் சேர்த்து இருவர் பெயரையும் இட்டனர். ஓவியங்கள் கிறிஸ்டோவின் பெயரிலேயே தொடர்ந்தன. இந்தப் பிரிவினை நேர்மையானது, ஆனால் மிகத் தாமதமாக வந்தது என்பேன்.

ழான் க்ளோத் 2009இலும் கிறிஸ்டோ 2020இலும் மறைந்தனர். 1960களின் தொடக்கத்திலேயே கிறிஸ்டோ எண்ணியிருந்தபடி, பாரிஸின் வெற்றி வளைவு 2021 செப்டம்பரில்தான் போர்த்தப்பட்டது. பதினாறு நாட்கள் நின்ற அந்தப் படைப்பைக் காண இருவரில் எவரும் உயிருடன் இல்லை. ஆயினும் அது இருவர் பெயரிலேயே வழங்குகிறது.