பிளேஆஃபுக்கு முந்தைய ஆட்டத்தில் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுக்கலாமா?

அமெரிக்கக் கால்பந்தில் பிளேஆஃபில், அதாவது சீசன் முடிவில் நடக்கும் நாக்அவுட் சுற்றில், இடம் உறுதியான பிறகு, மிச்சமிருக்கும் கடைசி ஆட்டத்தில் முக்கிய வீரர்களை இறக்குவதா, உட்கார வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆட்டத்தின் முடிவால் பிளேஆஃபில் அணியின் வரிசை எண்ணோ, சொந்த மைதானத்தில் ஆடும் வாய்ப்போ மாறாது என்றால் உட்கார வைக்க வேண்டும். தயங்கவே கூடாது.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல வீட்டில் நடந்த ஒன்று காரணம். நாங்கள் டெக்சாஸில், டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். இங்கே வெள்ளிக்கிழமை இரவென்றால் பள்ளிக் கால்பந்துதான். தேர்த் திருவிழாவுக்குத் திரள்வதுபோல் ஊரே திரண்டு வரும். என் மகன் பள்ளியின் கடைசி ஆண்டில் கார்னர்பேக்காக, அதாவது எதிரணியின் பாஸைத் தடுப்பவனாக, ஆடினான். அவர்கள் பிரிவில் முதல் நான்கு அணிகள் பிளேஆஃபுக்குப் போகும். கடைசி வெள்ளிக்கு ஒரு வாரம் முன்பே அவர்கள் இடம் முடிவாகிவிட்டது. அந்த ஆட்டத்தில் மூன்றாம் குவார்ட்டரில் (கால்பகுதியில்) 21 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார்கள். என் மகன் பின்னோக்கி ஓடிச் சட்டென்று திரும்பினான். யாரும் அவன்மீது மோதவில்லை. செயற்கைப் புல்லில் கால் ஊன்றி நிற்க, உடல் மட்டும் திரும்பியது. முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. ஒரு வாரம் கழித்து, நான்கு ஆண்டுகளாக அவன் எதிர்பார்த்திருந்த ஆட்டத்தைக் கோலூன்றி எல்லைக்கோட்டருகே நின்று பார்த்தான்.

பயிற்சியாளர் அவனை வற்புறுத்தி இறக்கவில்லை. வார நடுவில் "உனக்கு ஓய்வு வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார், இவன் "வேண்டாம்" என்றிருக்கிறான். பதினேழு வயதுப் பையன் வேறு என்ன சொல்வான்? முப்பது வயதுத் தொழில்முறை வீரனும் அதையேதான் சொல்வான். தன் இடத்தில் இன்னொருவன் நிற்பதைத் தானே கேட்டு வாங்குகிற மனநிலையோடு யாரும் இந்த விளையாட்டில் இவ்வளவு தூரம் வருவதில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியை வீரனிடம் விடக்கூடாது என்கிறேன். பயிற்சியாளர் முடிவெடுத்து, அதற்கான பழியையும் தானே சுமக்க வேண்டும்.

பிலடெல்பியா ஈகிள்ஸ் பயிற்சியாளர் நிக் சிரியானி 2024 சீசனின் கடைசி வாரத்தில் அதைத்தான் செய்தார். பந்தோடு ஓடுவதே வேலையான ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லி 16 ஆட்டங்களில் 2,005 யார்டு ஓடியிருந்தார். ஒரே சீசனில் 2,105 யார்டு என்று 1984இல் எரிக் டிக்கர்சன் வைத்த சாதனையை முறியடிக்க இன்னும் 101 யார்டு போதும். நாற்பதாண்டு சாதனை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எதிரில் அந்த ஆண்டு துவண்டு கிடந்த நியூயார்க் ஜயன்ட்ஸ். ஆனால் ஈகிள்ஸின் இரண்டாம் இடம் முடிவாகிவிட்டிருந்ததால் பார்க்லி இறக்கப்படவில்லை. பிளேஆஃபில் அவர் மேலும் 499 யார்டு ஓடினார். 2025 பிப்ரவரி 9 அன்று இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் கன்சாஸ் சிட்டியை 40-22 என்று வென்றார்கள். அன்று அவருக்கு 28ஆவது பிறந்தநாள்.

மறுபக்கத்தைக் காட்ட வெஸ் வெல்கர் ஒருவரே போதும். 2009 சீசனில் 123 பாஸ்களைப் பிடித்திருந்த நியூ இங்கிலாந்து அணி வீரர். பிரிவுப் பட்டம் ஏற்கெனவே கையில் இருக்க, 2010 ஜனவரி 3 அன்று ஹூஸ்டனில் கடைசி ஆட்டத்தில் இறக்கினார்கள். முதல் குவார்ட்டரிலேயே, பந்தைப் பிடித்துத் திரும்பும்போது, எவரும் தொடாமலே இடது முழங்கால் போனது. அடுத்த வாரம் சொந்த மைதானத்தில் பால்டிமோரிடம் 33-14 என்று தோற்றுச் சீசனை முடித்தார்கள். அந்தக் காட்சியை மறு ஒளிபரப்பில் பார்க்க இன்றும் எனக்குத் தெம்பில்லை.

எதிர்க்கருத்து உள்ளவர்கள் எல்லோரும் 2007ஐத்தான் நீட்டுவார்கள். அது வலுவான சாட்சிதான். 15 வெற்றி, தோல்வியே இல்லை (15-0) என்றிருந்த நியூ இங்கிலாந்தை எதிர்த்து, பிளேஆஃப் இடம் உறுதியாகியிருந்த ஜயன்ட்ஸ் முழுப் படையையும் இறக்கியது. 38-35 என்று தோற்றார்கள். ஆனால் இவர்களை வெல்ல முடியும் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது என்பார்கள். ஐந்து வாரம் கழித்து சூப்பர் பௌலில் அதே அணியை 17-14 என்று வீழ்த்தினார்கள். பயிற்சியாளர் டாம் காஃப்லினின் துணிவை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆட்டத்தில் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் சென்டர் ஷான் ஓஹாராவுக்கு முழங்காலில் அடிபட்டதையும், அடுத்த வாரம் தம்பா நகரில் பிளேஆஃபில் அவர் இல்லாமல் ஆட வேண்டியிருந்ததையும் இந்தக் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். அடி, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்கின் முழங்காலில் பட்டிருந்தால் அதே முடிவுக்கு வேறு பெயர் கிடைத்திருக்கும்.

2009இல் இண்டியானாபொலிஸ் செய்ததை மட்டும் என்னால் எந்தப் பக்கத்திலிருந்தும் நியாயப்படுத்த முடியவில்லை. 14-0 என்றிருந்த அணி, நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக மூன்றாம் குவார்ட்டரில் 15-10 என்று முன்னிலையில் இருக்கும்போது குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங்கை வெளியே எடுத்தார்கள். 29-15 என்று தோற்றார்கள். சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு எதிர்ப்பைக் காட்டினார்கள். ஓய்வு கொடுத்தது என் பார்வையில் குற்றமில்லை. பாதி ஆட்டத்துக்கு மேல் அடிபடும் ஆபத்தையும் ஏற்றுவிட்டு, பிறகு ஆட்டத்தையும் கொடுத்துவிட்டார்களே! ஓய்வென்றால் சீருடையே போடாமல் உட்கார வைக்க வேண்டும். அந்த அணி பிறகு சூப்பர் பௌல் வரை போனது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதலிடம் பிடித்த அணிக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். 2020 முதல் லீக்கின் இரு பாதிகளான கான்ஃபரன்ஸ் ஒவ்வொன்றிலும் ஏழு அணிகள் பிளேஆஃபுக்குப் போகின்றன. முதலிடத்துக்கு மட்டும் முதல் சுற்று விடுமுறை. கடைசி ஆட்டத்திலும் உட்கார வைத்தால் மூன்று வாரம் ஆட்டமே இருக்காது. 2011 சீசனில் கிரீன் பேயின் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் 21 நாள் கழித்து இறங்கி ஜயன்ட்ஸிடம் 37-20 என்று தோற்றார். 2019 சீசனில் தொடர்ந்து 12 வெற்றிகளோடு வந்த பால்டிமோரும் தன் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு டென்னசியிடம் 28-12 என்று விழுந்தது. கை துருப்பிடித்துவிட்டது என்றார்கள். ஆனால் அதே ஜாக்சன் 2023 சீசனிலும் அதே மாதிரி ஓய்வெடுத்துவிட்டு வந்து ஹூஸ்டனை 34-10 என்று வென்றார். கன்சாஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 2024 கிறிஸ்துமஸுக்குப் பிறகு 24 நாள் ஆடாமல் வந்து வென்றார். துரு உண்மையாகவே இருக்கலாம். கிழிந்த தசைநாரைப் போல ஒன்பது மாதம் எடுக்காது. முதலிடம் பிடித்த அணிக்கு வேண்டுமானால், முன்கூட்டியே திட்டமிட்டு, முதல் இரண்டு டிரைவ் (பந்து கையில் இருக்கும் தாக்குதல் முறை) மட்டும் ஆடவிட்டு எல்லோரையும் ஒன்றாக வெளியே எடுக்கலாம். ஒன்றாக என்பது முக்கியம். காவல் நிற்கும் ஐந்து லைன்மேன்களை உட்கார வைத்துவிட்டுக் குவார்ட்டர்பேக்கை மட்டும் நிறுத்துவது அவரை அடிக்குக் கொடுப்பதாகும்.

நடைமுறையில் எல்லோருக்கும் ஓய்வு கொடுக்கவும் முடியாது. அணியில் இருப்பது 53 பேர். ஆட்ட நாளில் இறங்கத் தகுதியுள்ளவர்கள் அதிகபட்சம் 48 பேர். யாரோ ஆடித்தான் ஆக வேண்டும். ஏற்கெனவே சிறு காயத்தோடு சீசனை இழுத்து வந்தவர்கள், வயதானவர்கள், அதிகம் ஓடியவர்கள் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மற்ற அணிகளுக்கு அநியாயம் என்ற வாதத்துக்கும் ஒரு வார்த்தை. 2024 சீசனில் கன்சாஸ் சிட்டி மாற்று வீரர்களோடு இறங்கி டென்வரிடம் 38-0 என்று தோற்க, டென்வர் பிளேஆஃபுக்குப் போய், சின்சினாட்டி வெளியேறியது. அந்த ரசிகர்களின் வலி புரிகிறது. ஆனால் சின்சினாட்டி அதற்கு முன் எட்டு ஆட்டங்களில் தோற்றிருந்தது. தன் வீரர்களின் உடம்பைப் பார்க்க வேண்டிய பயிற்சியாளரிடம் அந்தக் கடனைக் கேட்பது முறையில்லை.

இன்னொன்று: முடிவை வாரத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் மாற்று வீரன் அந்த வாரம் முழுவதும் முதல் ஆளாகப் பயிற்சி எடுக்க முடியும். பார்க்லி உட்கார்ந்த அதே நாளில் ஈகிள்ஸுக்குக் குவார்ட்டர்பேக்காக நின்ற டேனர் மெக்கீக்கு அதுதான் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் தொடக்கத்திலிருந்தே ஆடிய முதல் ஆட்டம். இரண்டு டச் டவுன் பாஸ் போட்டார். 20-13 என்று வென்றார்கள். அன்று என் மகனும் நானும் போனில் பேசியபடியே பார்த்தோம். பார்க்லியைப் பற்றி அவன் ஒன்றுமே பேசவில்லை. ஆட்டம் முழுக்க மெக்கீயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.