மாட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார் அம்மா

கேள்வி: அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. 61 வயது அம்மா காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) தனியாக இருக்கிறார். மனச்சோர்வுக்கு ஆறு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். அதற்குள் 58 கிலோவிலிருந்து 51 கிலோவுக்கு இறங்கிவிட்டார் (உயரம் 5 அடி 1 அங்குலம்). போனில் கேட்டால் “சாப்பிட்டேன் கண்ணு” என்கிறார். கோவை சரவணம்பட்டியில் எங்கள் அபார்ட்மென்டுக்கே அழைத்து வந்துவிடட்டுமா? மாட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார்.

பதில்: வீடு மாற்றுவது அப்புறம். முதலில் அந்த ஏழு கிலோ எங்கே போனது என்று பார்ப்போம்.

அவருடைய உயரத்துக்கு 51 கிலோ சரியான எடைதான், பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 21 வரும். அட்டவணையைப் பார்த்தால் ‘நார்மல்’. ஆனால் தானாகவே ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே காரணம் தேட வேண்டும். இங்கே 12 சதவீதம் போயிருக்கிறது. மனச்சோர்வு பசியைக் கெடுக்கும், உண்மை. சர்க்கரை, அதிகமாகச் சுரக்கும் தைராய்டு, காசநோய், புற்றுநோய் எல்லாமும் இளைக்க வைக்கும். மெல்ல முடியாத பல்லும்கூட. ‘மனசு சரியில்லை, அதான் இளைச்சுட்டாங்க’ என்று முடித்துவிடாமல் பொது மருத்துவரிடம் காட்டுங்கள். மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களின் உடம்பை மனநலத் துறையில் இருக்கும் எங்கள் ஆட்களே சரியாகப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பழைய கோபம்.

மாத்திரையின் பெயரையும் பாருங்கள். ஃப்ளூவாக்ஸடின் ஆரம்பத்தில் பசியைக் குறைக்கலாம். மிர்டாசபின் பசியைத் தூண்டி எடையை ஏற்றும். ஆறு மாதமாகியும் பசி திரும்பவில்லை என்றால் மருந்தை மாற்றுவது பற்றி மனநல மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது.

சரி, வீடு. தனியாக வசிப்பவர்களிடம் மனச்சோர்வு கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நீங்கள் எல்லோரும் வேலைக்கும் ஸ்கூலுக்கும் கிளம்பிய பிறகு, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத அபார்ட்மென்டில் அவர் பகல் முழுக்க என்ன செய்வார்? தோட்டத்தில் மாடு அவரை விடியுமுன் எழுப்பிவிடுகிறது. பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோனால் நாலு பேரிடம் பேச்சு. மனசு வரட்டும் என்று காத்திருக்காமல், சின்னச் சின்ன வேலைகளைச் செய்ய வைத்து மனசைத் திருப்புவது எங்கள் சிகிச்சையிலேயே ஒரு முறை. மாடு அதை ஃபீஸ் வாங்காமல் செய்கிறது.

குறை சாப்பாட்டில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தன் ஒருத்திக்காக அடுப்புப் பற்றவைக்க யாருக்கும் தோன்றாது. டீயிலும் மோர்ச்சோற்றிலும் நாள் ஓடிவிடும். பக்கத்துத் தோட்டத்தில் பழகியவர்கள் இருந்தால் மத்தியானச் சாப்பாட்டையாவது சேர்ந்து சாப்பிட ஏற்பாடு செய்யுங்கள். அரிசியும் பருப்பும் ஒரே குக்கரில் ஆகிவிடும், மேலே நெய். கொள்ளு, வேகவைத்த கடலைக்காய், முட்டை சேரட்டும். ராத்திரி வீடியோ காலில் உங்கள் தட்டோடு உட்காருங்கள், அவரும் தட்டோடு உட்காரட்டும். ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டால் எந்த அம்மாவும் ஆமாம் என்றுதான் சொல்வார். வாரம் ஒருமுறை, காலையில், ஒரே மெஷினில் எடை பார்த்து எழுதி வையுங்கள்.

மாடு கறக்காமல் கிடக்கிறது, அம்மா படுக்கையை விட்டு எழவில்லை, ‘நான் இருந்து என்ன பண்ண’ என்கிறார் என்றால் ஒரு ராத்திரிகூடத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். சாளையில் பூச்சி மருந்து, சாணிப் பவுடர் (வாசல் தெளிக்கிற விஷச் சாயப்பொடி) இருந்தால் அதற்கெல்லாம் காத்திராமல் இந்த வாரமே அப்புறப்படுத்துங்கள்.

அழைத்து வரத்தான் வேண்டும் என்றால் முதலில் பதினைந்து நாள் விருந்தாளியாக வரட்டும். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வையுங்கள். விற்கிற பேச்சை மட்டும் இப்போது எடுக்காதீர்கள்.