கேளுங்கள், சொல்கிறோம்: பாலினச் சான்றிதழும் பெண்கள் அறையும்

அக்கா பிள்ளை திருநங்கை. ஆதாரில் இன்னும் 'ஆண்' என்றே இருக்கிறது. பாலினச் சான்றிதழ் கேட்டுப் போனால், "முதலில் ஆதாரை மாற்றிவிட்டு வாருங்கள்" என்கிறார்கள் இ-சேவை மையத்தில். அப்படித்தான் செய்ய வேண்டுமா?
- வாசகி, மண்டபம்

வேண்டாம். ஆதாரில் பாலினத்தை ஒரே ஒரு முறைதான் திருத்த விடுவார்கள். பெயரை இரண்டு முறை. அவசரப்பட்டு அந்த ஒரு வாய்ப்பைச் செலவழித்துவிட்டால், பிறகு சிறப்பு அனுமதி கேட்டு அலைய வேண்டும்.

முதலில் கலெக்டரின் சான்றிதழ். 2019 திருநர் சட்டம், 2020 விதிகளின்படி இது இரண்டு வகை. 6-ஆம் பிரிவில் கிடைப்பது 'திருநர்' என்ற அடையாளச் சான்றிதழ். 7-ஆம் பிரிவில் கிடைப்பது 'பெண்' அல்லது 'ஆண்' என்று குறிப்பிடும் திருத்திய சான்றிதழ். 'பெண்' என்றே பதிய விரும்பினால், இரண்டாவது கைக்கு வரும்வரை ஆதாரைத் தொடாமல் இருப்பது நல்லது.

முதல் சான்றிதழுக்குத் திருநருக்கான தேசிய இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். படிவம் 1, படிவம் 2-இல் உறுதிமொழிப் பத்திரம். மருத்துவப் பரிசோதனை தேவையில்லை என்று 2020 விதிகள் சொல்லின.  30 நாளுக்குள் தர வேண்டும். இரண்டாவதற்கு, சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் கண்காணிப்பாளர் அல்லது தலைமை மருத்துவ அலுவலரின் சான்று வேண்டும். கெடு 15 நாள். அறுவைச் சிகிச்சை மட்டும்தான் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். 2020 விதிகளில் 'மருத்துவத் தலையீடு' என்ற விளக்கத்தில் ஹார்மோன் சிகிச்சையும் ஆலோசனையும் அடங்கியிருந்தன.

சிக்கல் எங்கே வருகிறது? விண்ணப்பிக்கும் மாவட்டத்தில் தொடர்ந்து 12 மாதம் குடியிருந்திருக்க வேண்டும். சென்னையிலோ மும்பையிலோ சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய கையோடு விண்ணப்பித்தால் இங்கேதான் இடறும். அடுத்து இனிஷியல்: ஒரு தாளில் முன்னால், இன்னொன்றில் பின்னால், ரேஷன் கார்டில் இல்லவே இல்லை. மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பார்த்த பிறகு உறுதிமொழிப் பத்திரத்தை எழுதுங்கள். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் பழைய படிவம் வேண்டாம். விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் என்ன இருக்கிறதோ அதுவே செல்லும். நிராகரித்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

அக்னி தீர்த்தம் அருகே பெண்கள் உடை மாற்றும் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். 'பெண் என்றால் பிறப்பால் பெண்' என்று லண்டனில் தீர்ப்பு வந்துவிட்டதாம். திருநங்கை வந்தால் இனி மறுக்கலாமா?
- வாசகி, ராமேசுவரம்

அந்தத் தீர்ப்பு 2025 ஏப்ரல் 16-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தந்தது. அவர்களுடைய 2010 சமத்துவச் சட்டத்தில் 'பெண்', 'பால்' என்ற சொற்கள் பிறப்புப் பாலையே குறிக்கும்; 2004 சட்டத்தின்படி பாலின அங்கீகாரச் சான்றிதழ் வாங்கியிருந்தாலும் இந்தச் சட்டத்துக்கு அது மாறாது என்றார்கள் ஐந்து நீதிபதிகளும். திருநரைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் பிரிவுகள் அப்படியே இருக்கின்றன என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. பெண்களுக்கு மட்டுமான சேவைகளுக்கு அங்கே சட்டத்திலேயே தனி விதிவிலக்கு உண்டு. ஆனால் வழக்கே 'பெண்' என்ற சொல்லுக்கு அந்தச் சட்டத்தில் என்ன பொருள் என்பதுதான். நம் ஊருக்கு அது பொருந்தாது.

இங்கே, தம் பாலினத்தைத் தாமே சொல்லும் உரிமை திருநருக்கு உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்ன 2014 நால்சா தீர்ப்பு இருக்கிறது. 2019 சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பொதுமக்களுக்கான வசதிகளில் திருநரிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. பொது இடத்தைப் பயன்படுத்த விடாமல் தடுத்தால் 18-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அபராதம். பெண்கள் உடை மாற்றும் அறை என்று பெயர் சொல்லி அந்தச் சட்டம் எதையும் வகுக்கவில்லை என்பது உண்மை. அதற்காக வாசலில் ஒருவரிடம் மட்டும் ஆதார் கேட்டால், பாகுபாடு என்ற புகாருக்கு நீங்களே சாட்சி.

ஈரச் சேலையோடு நிற்கும் பெண்ணின் கூச்சத்தையும் தள்ளிவிட முடியாது. பத்துப் பேர் ஒரே கூடத்தில் மாற்றுவதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. கூடத்தைத் தனித்தனி அறைகளாகத் தடுத்துவிடுங்கள். தடுப்பு கீழே தரை வரை, மேலே கூரை வரை போகட்டும். உள்தாழ்ப்பாளுக்கு இரும்பு போடாதீர்கள், உப்புக்காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்காது. யார் வந்தாலும் யாரையும் பார்க்க வேண்டியிருக்காது.

இதைவிடப் பெரிய தொல்லை வேறு. 2024 டிசம்பரில் இதே அக்னி தீர்த்தக் கரையில் ஒரு தனியார் உடை மாற்றும் அறையில் ரகசிய கேமரா பிடிபட்டது நினைவிருக்கும். தினமும் காலையில் திறந்ததும் சுவிட்ச் பெட்டி, துணி மாட்டும் கொக்கி, ஓட்டை விழுந்த டைல்ஸ், கூரை மூலை எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எதுவும் சிக்கினால் கழற்றாதீர்கள், கைரேகை போய்விடும்; அறையைப் பூட்டிவிட்டு 100-க்குக் கூப்பிடுங்கள். பெண்ணை மறைந்திருந்து படமெடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவில் முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு சிறை.

திருநங்கைக்கு மகளிர் உரிமைத் தொகை ரூ.1,000 கிடைக்குமா?
- வாசகர், தொண்டி

குடும்பத் தலைவியாக இருந்தால் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் தடுப்பது ரேஷன் கார்டு: பெயர் இன்னும் தாய் வீட்டுக் கார்டிலேயே இருக்கும். ஒரு கார்டுக்கு ஒருவருக்குத்தான் தொகை, அது அம்மாவுக்குப் போய்க்கொண்டிருக்கும். தனியாக வசிப்பவர் என்றால் அங்கே பெயரை நீக்கி, தன் பெயரில் தனிக் கார்டு வாங்கிவிட்டு விண்ணப்பிக்க வேண்டும்.